தைக்க வேண்டாம்

வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ, சலவைக்கடை.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
கதவு திறந்தால்
குளிர் முதலில் நுழையும்,
ஆள் பின்னால்தான் வருவார்.

அக்டோபரில் ஒரு பேருந்து ஓட்டுநர்
சீருடையோடு வந்து வைத்துவிட்டுப் போனார்.
ரசீது எண் 4471. கம்பளிச் சால்வை ஒன்று,
காஷ்மீர் ஊசிவேலை.
மேடையில் போர்த்தி
மறுநாளே வேறு தோளுக்குப் போகும்
பொன்னாடைகளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.
இதை மேசையில் விரித்ததும்
கையைப் புடவைத் தலைப்பு என்று நினைத்துக்
கோட்டில் துடைத்துக்கொண்டேன்.

"மேப்பிள் இலை" என்றான் ரொடெல், முதலாளி.
மணிலாவிலிருந்து வந்து பதினெட்டு வருஷம்;
விரல் விரித்த எந்த இலையும் அவனுக்குக் கொடிதான்.
சினார் என்றேன்.
அதை நானே அப்போதுதான்
போனில் தேடிப் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை.

புரட்டினேன்.
துணியின் குணம் அடிப்பக்கத்தில்தான் தெரியும்.
ஒரு முடிச்சு இல்லை.
வேரைக் காட்டாமல் நின்றது செடி.
ஓரிடத்தில் மட்டும், இலைக்கு நடுவே
பச்சை நூல் தீர்ந்திருக்கிறது.
தைத்தவர் தயங்கவே இல்லை.
அடுத்த பச்சையை, சற்று மஞ்சள் கூடியதை,
எடுத்துக் கோத்திருக்கிறார்.
பாதி இலையில் வெயில்.
அன்று நூல்காரன் வரவில்லையோ,
அல்லது இப்படியும் இருக்கட்டும் என்று தோன்றிற்றோ.

கன்னி மூலையில் ஒரு துளை.
சுண்டுவிரல் நுழையும்.
பூச்சி அரித்ததல்ல, விளிம்பு கருகியிருந்தது.
ரசீதில் ரொடெலின் கோழிக்கிறுக்கல்:
துவைக்கவும். தைக்க வேண்டாம்.
கடைசி இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு.

படித்தேன்.
படிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

மூன்று மாதம் கம்பியில் தொங்கியது,
கால்சட்டைகளுக்கும் கல்யாணக் கோட்டுகளுக்கும் நடுவில்.
பல்லிடுக்குக்கு நாக்கு போவதுபோல்
மதியமெல்லாம் என் கை அங்கேயே போய் வந்தது.
ஜனவரியில், ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை,
பதினாறு தையல்.
கருஞ்சிவப்பு, என் சொந்த நூல்.
எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது என்று
எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

வாங்க வந்தது ஓட்டுநர் அல்ல.
கையுறைக்குள்ளிருந்து ரசீதை எடுத்தாள்
மார்லீன் சிகுர்ட்சன். நாற்பது இருக்கும்.
நிறம் பார்க்கவில்லை, கறை பார்க்கவில்லை,
நேரே அந்த மூலையைப் பிடித்துத் தடவினாள்.
மறுபடி தடவினாள்.
இருட்டில் சுவிட்ச் தேடும் கை அது.
"எங்கே?" என்றாள்.

அழகாகத்தானே இருக்கிறது என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
நல்லவேளை, ஆங்கிலம் வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்து
நின்றபடியே பிரித்தேன்.
போட ஒரு மணி நேரம், பிரிக்க நான்கு நிமிஷம்.
அவளும் குனிந்தாள்.
எங்கள் இருவர் மூச்சும் ஒரே இலைமேல்.
என்ன எரிந்தது, யார் கையிலிருந்து விழுந்தது,
நான் கேட்கவில்லை,
அவள் சொல்லவில்லை.

பிரித்த பிறகும்
துளை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.
கம்பளி கொஞ்சம் நெருங்கிப் பழகிவிட்டது.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.
நகம்வரை போயிற்று.
போதும் என்றாளா, போகட்டும் என்றாளா,
அவள் முணுமுணுத்த ஆங்கிலத்தில் பிரித்தறிய முடியவில்லை.

துவைத்ததற்கு மட்டும் காசு கொடுத்தாள். சரிதான்.

தடித்த கோட்டின்மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு போனாள்.
எதிர்ச்சாரியில் ஒரு பேருந்து
அவள் ஏறும்வரை நின்றதுபோல் இருந்தது.
கண்ணாடியில் பனி, உள்ளே முகம் தெரியவில்லை.

மேசைமேல் கருஞ்சிவப்பு நூல்,
பதினாறு நெளிவோடு.
நீவினேன், நேராகவில்லை.
ரொடெலின் சட்டைக்கு ஒரு பொத்தான் பாக்கியிருந்தது.
வெள்ளைச் சட்டை.
அதையே கோத்தேன்.